மூக்கு வைத்த ஜீப்பு

தொண்டி நெய்னா முகம்மது கொழும்பில் ஆறு வருசம் லாரிப் பட்டறையில் கிடந்துவிட்டு, ஐம்பதாம் வருசம் ஊருக்கு வந்தவர். கட்டியிருந்தது தாய்மாமன் மகள் உம்மு ஹபீபாவை. மகள் மலிகாவுக்கு அவரை யாரென்றே தெரியவில்லை. வாப்பா என்று கூப்பிட ஒரு மாசம் பிடித்தது. இனிமேல் அவரை அக்கரைக்கு அனுப்புவதில்லை என்று ஹபீபா மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

ஹபீபாவின் அண்ணன் சதக்கத்துல்லா மீன் வியாபாரி. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட ஜீப்பு ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். தொண்டி மீனைத் தெற்கே இராமநாதபுரம் ரயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நெய்னா முகம்மதுவின் பாடு. வெயில் காலத்தில் குறையில்லை. ஐப்பசி பிறந்ததும் வழியில் ஓடைகள் தொடைக்கு மேல் ஓடும். பாலமும் கிடையாது. முதல் மழையிலேயே இன்ஜின் காற்றோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு நடு ஓடையில் படுத்துவிட்டது.

நெய்னா முகம்மது சும்மா இருக்கவில்லை. வயர்களுக்கெல்லாம் கிரீஸ் பூசினார். தகரத்தை உருட்டிப் பற்றவைத்து, இன்ஜின் மூச்சிழுக்கும் இடத்திலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு குழாய் ஏற்றினார். ஊர் அதற்கு மூக்கு என்று பேர் வைத்தது. ஜீப்பு ஓடையை ஜம்மென்று தாண்டியது. ஆனால் வானத்தைப் பார்த்த மூக்கு அல்லவா? அடுத்த மழையில் கடைத்தெருவிலேயே நின்று இருமியது.

"என்ன நெய்னா காக்கா, ஒங்க ஜீப்பு தொழுகைக்கு ஒளு எடுக்குதா? மூக்குல தண்ணி ஏத்தி நிக்கிது!" என்றான் ஐஸ் உடைக்கிற முனியசாமி.

"ஆமடா, நீ வந்து தொடச்சு விடு."

குழாயின் வாயை வளைத்துப் பின்பக்கம் பார்க்க வைத்தார். கொட்டுகிற மழையில் வடக்கே எஸ்.பி.பட்டினம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. மறுநாள் மீன் ஏற்றித் தெற்கே கிளம்பியவர், மூன்றாம் மைலில் நின்றுவிட்டார். கடற்கரையில் பிறந்தவன் செய்கிற தப்பா அது? மழையைக் கொண்டுவருவது வாடைக்காற்று. வடக்கே போனால் அது முகத்தில் அடிக்கும், தெற்கே போனால் பிடரியில் அடிக்கும். பின்னால் பார்த்த வாய் மழையை அப்படியே குடித்துவிட்டது. ஒன்பது கூடை மீன் நாறிப்போனது.

சதக்கத்துல்லா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மாப்பிளே, இன்னொரு தடவ நின்டுச்சுன்னா மதுரைக்காரனுக்குத் தள்ளிவிட்டுருவேன். ஒங்க கொழும்பு பெர்மிட்டு கார்த்திக முடிய இருக்குல்ல? பொறப்பட்டுருங்க."

ஹபீபா அன்று சோறு வைக்கும்போது சொன்னாள்: "எங்குட்டுத் திருப்புனாலும் காத்தும் திரும்பும். கீழ பாக்க வைங்களேன்."

"கீழயா?"

"கொடைக்கம்புப் பிடி மாதிரி."

"சாரல் நொழஞ்சா?"

"மூக்குல ஏத்துன தண்ணியச் சிந்தத்தானே செய்றோம்? ஜீப்பு மட்டும் என்ன, உள்ளயே வச்சுக்கிருமா?"

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். வாயைக் கீழ்நோக்கி வளைத்தார். குழாயின் அடியில், முழங்கை மாதிரி மடங்குகிற இடத்தில், தப்பி வருகிற தண்ணீர் வடிய ஆணியால் ஒரு ஓட்டை போட்டார்.

அடுத்த நடைக்கு சதக்கத்துல்லாவே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வாடை மழை முதுகில் அறைந்தது, இன்ஜின் இருமவில்லை. திருப்பாலைக்குடிக்கு இந்தப்புறம் ஓடை கலங்கலாக ஓடியது. கரையில் நெய்னா முகம்மது சட்டென்று பிரேக்கை மிதித்தார்.

"என்ன மாப்பிளே, பயமா?"

"அந்த ஓட்டை, மச்சான். வடியிற வழியாவே ஓடை உள்ள வந்துரும்."

பின்னால் கிடந்த வலையிலிருந்து ஒரு மிதப்புத் தக்கையை அறுத்தார். கத்தியால் சீவி, துணி சுற்றி, ஓட்டையில் திணித்து, உள்ளங்கையால் தட்டினார். பிஸ்மி சொல்லி ஓடையில் இறக்கினார். தண்ணீர் சக்கரத்தை முழுங்கியது, பானட்டில் ஏறியது. சதக்கத்துல்லா காலை மடக்கி இருக்கையில் வைத்துக்கொண்டார். சத்தம் மாறாமல் ஜீப்பு அக்கரையில் ஏறியது. நெய்னா முகம்மது இறங்கித் தக்கையைப் பிடுங்கினார். ஒரு கை அளவு மழைத்தண்ணீர் சொட்டிவிட்டு நின்றது.

சதக்கத்துல்லா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலில் மீனை ஏற்றி முடித்ததும் கேட்டார்:

"நாளைக்கி பாதி ஏத்துவமா, முழுசா ஏத்துவமா, மாப்பிளே?"

"முழுசா ஏத்துங்க, மச்சான்."

கார்த்திகை முடிந்தது. அவர் எங்கேயும் போகவில்லை. மலிகாவுக்கு அப்புறம் அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள் பிறந்தன. அதிலிருந்து நாலு பேரும் வாப்பாவின் முகம் பார்த்துத்தான் வளர்ந்தார்கள்.