மேகலா அக்காவோட கண்ணு தொறக்காத மயில்

மேகலா அக்கா இறந்துட்டாங்க. இன்னிக்கு சாயந்திரம், ஆஸ்பத்திரில. மஞ்சக்காமாலை முத்திப் போச்சாம்.

இது எங்கம்மா அக்கவுண்ட். எழுதறது நான், கயல்விழி, ப்ளஸ் ஒன் படிக்கிறேன். அம்மா தூங்கறாங்க, அவங்களுக்கு இது தெரியாது... காலைல யாரும் அவங்களைத் திட்டாதீங்க, ப்ளீஸ்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். மேகலா அக்கா எங்க அப்பாவோட டிசைன் சென்டர்ல வேலை பார்த்தவங்க. பட்டுப் புடவைக்கு பார்டர், முந்தி எல்லாம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, அதைத் தறி படிக்கற மாதிரி ஓட்டை போட்ட அட்டையா அடிச்சுக் குடுக்கற இடம்.

தெரிஞ்சவங்க அவங்களை வேற மாதிரி சொல்வீங்க. "டிசைனைத் திருடி வித்தவ." அதனாலதான் இன்னிக்கு எங்க தெருவுல ஒருத்தரும் வாயத் தொறக்கல.

சாப்பிடும்போது அப்பா சொன்னாரு, "இந்த வீட்ல இருந்து யாரும் செவிலிமேட்டுக்கு, அவ வீட்டுப் பக்கம் போகக் கூடாது. போஸ்ட்டு கீஸ்ட்டு எதுவும் கூடாது."

படில ஏதாவது சத்தம் கேட்டா போனைக் கவுத்து வெச்சுடறேன். ஆனா எழுதிடணும்.

எங்க டிசைன் எல்லாம் ஒரு பழைய சர்வர்ல இருக்குது. மாடி ரூம்ல, அந்தக் காலத்து டிவி மாதிரி பெரிய மானிட்டரோட. எனக்கு முன்னாடி பொறந்தது. ஃபைல் பேரு எட்டு எழுத்துக்கு மேல போனா ஏத்துக்காது. பென் டிரைவ் சொருகினா கண்டுக்காது.

கீழ இருந்து அதுக்குப் போற ஒயரை எலி கடிச்சிடுச்சு. சுவத்துக்குள்ள போற ஒயர், மாத்தவும் முடியல.

"வைஃபைல இழுத்துடலாம்"னு அக்கா சொன்னாங்க.

"அதுக்கு வைஃபைன்னா என்னன்னே தெரியாதேக்கா?"

"தெரிய வேணாம் கயலு. ஒயர்லதான் பேசறோம்னு அது பாட்டுக்கு நெனச்சுக்கினு இருக்கட்டும். பக்கத்துல ஒரு டப்பா வெச்சுட்டா, அது வாங்கி வைஃபைல அனுப்பும்."

பரண்ல கெடந்த ஒரு பழைய டப்பா. அக்கா மாடில, நான் கீழ லேப்டாப்போட. "வந்துச்சா?" "வரலக்கா!" "இப்போ?" "இல்லக்கா!"

எதிர்வீட்டு மாமா தறில இருந்தே குரல் குடுத்தாரு, "யாரும்மா வரணும், மாப்பிள்ளையா?"

அக்கா ஜன்னல்ல தலையை நீட்டி, "ஆமா மாமா. வயசான மாப்பிள்ளை, மெதுவாதான் வருவாரு!"

வந்துடுச்சு... ஆனா டப்பா பழசு. இப்ப வர்ற வைஃபை லாக், அதான் பாஸ்வேர்ட், அதுக்குப் புரியல. லாக் போட்டா கனெக்ட் ஆகாது, எடுத்தா ஆகும்.

அக்கா நேரா அப்பாகிட்ட போனாங்க. "ண்ணா, புது டப்பா ஒண்ணு வாங்கிடலாம். இப்படியே விட்டா தெருவுல நிக்கறவங்க யார் வேணா உள்ள வந்துடலாம். சர்வர்லயும் பாஸ்வேர்ட் கெடையாது."

"முகூர்த்த ஆர்டர் நிக்குதும்மா. இங்க எவனுக்கு இதெல்லாம் தெரியும்? லாக்கை எடுத்துட்டு ஓட்டு."

நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். ரெண்டு பேர் பேசினதும் என் காதுல இருக்குது.

அந்த ஆர்டருக்கு அக்கா வரைஞ்ச மயில் முந்திப் புடவை தறில இருந்து எறங்கறதுக்கு முன்னாடியே வேற ஒரு கடை ஷோகேஸ்ல தொங்குச்சு.

அப்பா எல்லார் முன்னாடியும் கத்தினாரு. "மேல் ரூம் சாவி உங்கிட்டதானே இருக்குது?"

"பூட்டே இல்லாத வீட்டுக்கு எதுக்குண்ணா சாவி?" அக்கா அவ்ளோதான் சொன்னாங்க. டிபன் பாக்ஸை எடுத்துக்கினு போயிட்டாங்க.

நான் அன்னிக்கே சொன்னேன், அக்கா முதல்லயே எச்சரிச்சாங்கப்பான்னு. "பெரியவங்க பேசற எடத்துல உனக்கு என்ன? உள்ள போ"ன்னாரு.

அதனால இன்னொண்ணு சொல்ல முடியாமலே போச்சு. இப்ப சொல்றேன்.

அக்கா மயில், அன்னம் எது வரைஞ்சாலும் கண்ணு எடத்துல ஒரு கட்டத்தைக் காலியா விட்டுடுவாங்க. கோயில் சிலைக்குக் கடைசியாக் கண்ணு தொறக்கற மாதிரி. அட்டை அடிக்கற அன்னிக்குதான், கீழ இருக்கற மெஷின்ல, கற்பூரம் காட்டிட்டு அந்தக் கட்டத்தை ரொப்புவாங்க. அதனால சர்வர்ல இருக்கற எந்த மயிலுக்கும் கண்ணு கெடையாது.

அந்தக் கடைக்குப் போய் கண்ணாடி வழியாப் பார்த்தேன். முந்தி ஃபுல்லா மயில். ஒண்ணுக்குக் கூட கண்ணு இல்ல.

அக்கா வித்திருந்தா அப்படியா குடுப்பாங்க? தெரியாத யாரோ காத்துல எடுத்துட்டுப் போயி, அப்படியே நெய்திருக்காங்க.

இதைப் படிக்கிற உங்கள்ல சிலர் வீட்டு பீரோல அந்தப் புடவை இருக்குது. எடுத்துப் பாருங்க.

அக்கா வேலையை விட்டுப் போன அடுத்த வாரமே அப்பா புது டப்பா வாங்கிட்டு வந்தாரு. ஏன்னு கேட்க எனக்கு தைரியம் வரல.

காலைல எட்டு மணிக்கு எடுக்கறாங்களாம். வீட்ல அவங்க அம்மாவும் தம்பியும் மட்டும்தான். நான் யூனிஃபார்ம்லயே கெளம்பி செவிலிமேடு பஸ் ஏறிடுவேன். வர்றவங்க வாங்க... யாராவது வாங்க.

அப்பா இதைப் படிப்பாரு. அப்புறம் என்ன ஆகும்னு தெரியல.

அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. புது டப்பாவுக்கு பாஸ்வேர்ட் என்னைத்தான் போடச் சொன்னாரு. எல்லார் போன்லயும் நானே அடிச்சு சேவ் பண்ணிக் குடுத்துட்டேன், அதனால அது என்னன்னு யாரும் கேக்கல.

உங்க பேருதான்க்கா. இந்த வீட்ல எல்லாரும் தினம் உங்க பேரைச் சொல்லித்தான் உள்ள போறாங்க. அப்பாவும்தான். இந்தப் பதிவும் அதே வழியாத்தான் போகுது.

விடிஞ்சா மாத்திடுவாங்க.

தூங்குங்கக்கா. காலைல வரேன்.