கையில் போட்ட சீனி

இன்று கொட்டகலை கடைத்தெருவில் நான் பள்ளிக்கூட மாஸ்டராக இருக்கும் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைப் பார்த்தேன். சீனி வியாதிக்காரர். கால் பெருவிரலில் ஆறாத புண். துணி சுற்றிய காலோடு விந்தி விந்தி நான் இருந்த தேநீர்க் கடைக்குள் வந்தார்.

மலையேறி வேலை பார்த்தவரைக்கும் மனிதருக்குக் கேழ்வரகுக் குரக்கன் ரொட்டிதான். ஆபீசில் நாற்காலி கிடைத்த பிறகு மூன்று வேளையும் பேக்கரிப் பாணும் பணிசும்.

"நானா, சீனி போடாம ஒரு பிளேன்டீ!"

அவர் குரல் கடை முழுவதும் கேட்டது. டாக்டர் சொல்லை மதிக்கும் ஒருவரையாவது பார்த்தோமே என்று எனக்குப் பெருமை.

தேநீர் வந்தது. கணக்கப்பிள்ளை இடது உள்ளங்கையை நீட்டினார். கடைக்கார நானா அதில் சீனியைக் கொட்டினார். ஒரு நக்கு, ஒரு மடக்கு.

"என்னங்க இது?" என்றேன்.

"தேத்தண்ணியில சீனி போடக் கூடாதுன்னுதாங்க டாக்டரு சொன்னாரு, மாஸ்டர். போடலையே! கையப் பத்தி அவரு ஒண்ணுமே சொல்லலீங்க."

"முந்தி ரெண்டு கரண்டி போடுவேன். கைக்கு மூணு போகுது மாஸ்டர்," என்றார் நானா.

புறப்படும்போது கணக்கப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு டாக்டரப் பாக்கப் போறேங்க. விரல எடுக்கணும்னு சொல்லிருவாரோன்னு பயமா இருக்கு. நீங்களும் வாங்க. நான் சீனி போடாமக் குடிச்சத உங்க கண்ணால பாத்தீங்கல்ல, அதச் சொல்லுங்க."

பார்த்தேன்தான். சாட்சி சொல்லப் போகத்தான் வேண்டும்.

ஆனால் அவர் பிடித்த கை இன்னும் பிசுபிசுக்கிறது. கழுவிவிட்டுப் போகவா, கழுவாமல் போகவா? நீங்களே சொல்லுங்கள்.