பனிமலைக்குப் போக எடிசன்ல படிச்ச ஃபிரெஞ்சு

ஆளுங்களைப் பனிச்சறுக்குக்குக் கூட்டிட்டுப் போற பொழப்பு இருக்கே, அதுல பனியில வழுக்கறது கடைசி ரெண்டு நாள்தான். அதுக்கு முன்னாடி ஒரு மாசம் வாட்ஸ்அப்லயே வழுக்கி விழணும். மூணு குடும்பத்தை ஒரே வேன்ல ஏத்திப் பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். ஏத்தாதவங்க போன ஜென்மத்துல புண்ணியம் பண்ணவங்க.

நான் முருகேசு. அமெரிக்காவுல எடிசன்னு ஒரு ஊர்ல, லலிதா ஆன்ட்டியோட டிராவல்ஸ்ல வேன் ஓட்டறேன். ஒன்பதாங்கிளாஸோட எனக்கும் புஸ்தகத்துக்கும் டைவர்ஸ். என் சம்சாரம் சுமதி பார்சிப்பனி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் கோடு எழுதுறா, நான் ரோட்டுல ஓட்டறேன். இப்படித்தான் எங்க வண்டி ஓடுது.

மைக்ரோவேவ் இருக்கா?

இந்த வருஷம் பதினோரு பேர். எந்த மலைக்குப் போறதுன்னு வாட்ஸ்அப்ல ஓட்டு வெச்சேன். பக்கத்துல போகோனோ, கொஞ்சம் தள்ளி வெர்மான்ட், ரொம்பத் தள்ளி கனடாவுல கியூபெக். உடனே கேள்வி மழை. மதுரை மீனாட்சி அக்கா, ரூம்ல மைக்ரோவேவ் இருக்கா, குக்கர் வெச்சா அலாரம் அடிக்குமான்னு கேட்டாங்க. இன்னொரு வீட்டுல இண்டியன் ஸ்டோர் எத்தனை மைல்னாங்க. மலை செங்குத்தா இருக்குமா, விழுந்தா எலும்பு மிஞ்சுமான்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேக்கணுமே? ம்ஹூம்.

ஈரோடு சந்திரசேகர் சார் மட்டும் கியூபெக்தான்னு ஒத்தைக்கால்ல நின்னாரு. அவர் பேசினா வீட்டுலயும் ஆபீஸ் மீட்டிங் மாதிரியே இருக்கும். தொண்டையைச் செருமி, மூணு செகண்ட் கேப் விட்டு, அப்புறம்தான் விஷயம். போன வருஷம்தான் அவருக்கு கிரீன் கார்டு வந்துச்சு. ஃபோன்ல செருமினாரு, கேப் விட்டாரு, சொன்னாரு: "அமெரிக்காவுலயே எத்தனை வருஷம்தான்யா கெடக்கறது? எங்கயாவது ஃபாரின் போலாம்."

நான் ஃபிரெஞ்சுக்காரன் ஆனது

கியூபெக்ல எல்லாம் ஃபிரெஞ்சு. பாஷை தெரிஞ்ச ஆள் கூட வந்தாத்தான் வருவேன்னுட்டாரு சார். எனக்கோ யாரைப் பாத்தாலும் அவங்க மாதிரி பேசிக் காட்டற வியாதி. சறுக்கச் சொல்லித்தர்ற ஒரு ஃபிரெஞ்சுக்காரன் வீடியோவைப் பாத்துட்டு, ஆபீஸ்ல மூக்கால பேசி, தோளைக் குலுக்கி, உதட்டைப் பிதுக்கி நடிச்சுக்கிட்டிருந்தேன். ஆன்ட்டி அதைப் பாத்தாங்க. அப்படியே ஃபோனை எடுத்து, நம்ம முருகேசுக்கு ஃபிரெஞ்சு தண்ணிபட்ட பாடுன்னு சார்கிட்ட சொல்லிட்டாங்க. பதினோரு பேரும் புக் பண்ணிட்டாங்க. நான் வரலைன்னா டிரிப்பே கிடையாது.

ஆனா நான் தயங்கினேன். பாஷைக்காக இல்ல. எங்க கிரீன் கார்டு அப்ளிகேஷன் வரிசையில நிக்குது. வேலை பாக்கலாம், ஆனா வெளிநாடு போய்த் திரும்பி வரணும்னா தனியா ஒரு பேப்பர் வேணும். அது கைக்கு வராம எல்லையைத் தாண்டினா அப்ளிகேஷனே காலி. பேப்பருக்குப் போட்டு மாசக்கணக்காச்சு, அதுக்குள்ள வந்துடும்னு நம்பித்தான் கியூபெக்கையும் ஓட்டுல சேத்தேன், வரலை. ஆன்ட்டிகிட்ட சொன்னேன். அவங்க விவரமானவங்க, எதுக்கும் இருக்கட்டும்னு வெர்மான்ட்லயும் ரூமைப் பிடிச்சு வெச்சாங்க. சார்கிட்ட மூச்சு விடாதேன்னாங்க. அப்புறம் சொன்னாங்க: "பேப்பர் வரும்போது வரட்டும், நீ போய் வார்த்தையை மனப்பாடம் பண்ணுடா."

தபால்பெட்டி

கிளம்பறதுக்கு முன்னாடி இருந்த மூணு வாரமும் நான் ஒரு இடத்துல உக்காரலை. அபார்ட்மென்ட் தபால்பெட்டியை ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்து பாப்பேன். தபால்காரர் வந்துட்டுப் போனதுக்கு அப்புறமும் பாப்பேன், ஒருவேளை மறந்துட்டுத் திரும்பி வந்திருப்பாரோன்னு. அந்தக் குளிர்லயும் அரை டிராயர் போட்டுட்டு வர்ற மனுஷன். என்னைப் பாத்தாலே தூரத்துலயே ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிடுவாரு. உள்ள பீட்ஸா கூப்பன், பல் டாக்டர் விளம்பரம், அவ்வளவுதான்.

ஒரு நாள் சாப்பிடறப்ப லேசா ஒரு பிட்டைப் போட்டேன். பேப்பர் இல்லாமலே போய்ட்டு வந்துட்டா என்ன, ரெண்டே நாள்தானே, யாரு கண்டுபிடிக்கப் போறான்னு. சுமதி தட்டைத் தள்ளி வெச்சிட்டா. கத்தலை. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தி சமாளிச்சிருப்பேன். நிதானமா சொன்னா: "ஒரு கால் அந்தப் பக்கம் வெச்சீங்கன்னா, நாம காத்துக்கிட்டிருந்த எட்டு வருஷமும் அந்தப் பனியிலயே புதைஞ்சிரும்."

பேஸ்மென்ட் கிளாஸ்

சனிக்கிழமை சனிக்கிழமை சார் வீட்டு பேஸ்மென்ட்ல கிளாஸ். மனசுல அந்த பேப்பர் ஓடுது, வாயில ஃபிரெஞ்சு ஓடுது. பச்சைப் பாதை 'பிஸ்த் வெர்த்', அது நமக்கு. கறுப்புப் பாதை 'பிஸ்த் நுவார்', அது இன்ஷூரன்ஸ் இருக்கறவனுக்கு. தொங்கிட்டு மேல போற நாற்காலி 'தெலெசியேஜ்'. மெதுவான்னா 'தூஸ்மான்'. எல்லாத்துக்கும் மேல 'ஷாஸ்-நேஷ்': கால்ல மாட்டற ரெண்டு சறுக்குக் கட்டையோட முனையையும் முன்னாடி சேத்து, குதிகாலை அகட்டி, பிரேக் போடறது. இது ஒண்ணு தெரிஞ்சா உசுரு தப்பிக்கும்னு சொன்னேன்.

கால்ல அரிசி மூட்டை வந்த அட்டையைக் கட்டிக்கிட்டு கார்ப்பெட்ல எல்லாரும் நடந்தாங்க. சோபாதான் தெலெசியேஜ். மீனாட்சி அக்கா சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, நான் ஷாஸ்-நேஷ்னு கத்தினதும் டக்குனு முட்டியை ஒட்டி நின்னுடுவாங்க. கிளாஸ்லயே ஃபர்ஸ்ட் ரேங்க். சார் பொண்ணு மித்ரா ஸ்கூல்ல நிஜமாவே ஃபிரெஞ்சு படிக்கறா. மாடிப்படியில உக்காந்து நான் பேசறதை முழுசாக் கேட்டுட்டு, ரொம்ப அமைதியா சொல்லுச்சு: "அங்கிள், மை ஃபிரெஞ்ச் டீச்சர் உட் க்ரை."

சொல்லிட்டேன்

வெள்ளிக்கிழமை கிளம்பணும். புதன்கிழமை கடைசி கிளாஸ். அன்னிக்கும் பெட்டியில பல் டாக்டர்தான் சிரிச்சாரு. சார் புதுசா வாங்கின ஜாக்கெட்டை வீட்டுக்குள்ளயே போட்டு, பாஸ்போர்ட்டைக் கையில வெச்சு, எல்லையில எப்படி நிப்பேன்னு போஸ் குடுத்துக்கிட்டிருந்தாரு. அந்த மூஞ்சியைப் பாத்ததும் எனக்கு நடிப்பு வரலை. பேப்பர் வரலை சார், நான் எல்லையைத் தாண்ட முடியாது, வெர்மான்ட்ல ரூம் இருக்கு, முன்னாடியே மறைச்சது தப்புன்னு சொந்தக் குரல்லயே சொல்லிட்டேன். வேலை போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

சார் செருமலை. கேப்பும் விடலை. ஜாக்கெட்டைக் கழட்டி சோபாவுல போட்டுட்டுச் சொன்னாரு: "எங்கப்பா ஊர்ல தவறிப்போனப்ப இதே பேப்பர் வராமத்தான்யா நான் இங்க உக்காந்திருந்தேன். என்கிட்டயா மறைப்ப? வண்டியை வெர்மான்ட்டுக்கு விடு."

பச்சைப் பாதை

வெர்மான்ட்ல மைக்ரோவேவ் இருந்துச்சு, அலாரம் அடிக்கலை, பாதிக் கவலை அங்கயே தீந்துச்சு. பச்சைப் பாதையில இறங்கினோம். சொல்லித்தர வந்த வெள்ளைக்காரப் பையன் நல்லவன்தான், ஆனா அவன் இங்கிலீஷ்ல என்ன கத்தினாலும் நம்மாளுங்க காதுல ஏறலை. மூணு வாரம் வேற பாஷையில பழகின காலாச்சே. மீனாட்சி அக்கா சேலைக்கு பதிலா பனிப் பேன்ட்டுல, கையை விரிச்சுக்கிட்டு, நேரா வேலியைப் பாத்து வேகம் எடுத்துட்டாங்க. பையன் பின்னாடியே கத்திக்கிட்டு ஓடறான். நான் மேல இருந்து அடிவயித்துலேர்ந்து ஒரு ஷாஸ்-நேஷ் விட்டேன் பாருங்க, முனை ரெண்டும் ஒட்டி, அக்கா வேலிக்கு ரெண்டு முழம் முன்னாடி கம்பம் மாதிரி நின்னாங்க. பின்னாடி சார் 'தூஸ்மான், தூஸ்மான்'னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டே, எல்லையில குடுக்க வேண்டிய போஸைக் குடுத்துட்டு வந்தாரு.

பையன் மூச்சு வாங்க வந்து, நீங்க எல்லாரும் என்ன பாஷை பேசறீங்கன்னு கேட்டான். அக்கா கண்ணாடியை நெத்திக்குத் தூக்கிவிட்டு, கொஞ்சம்கூட யோசிக்காம சொன்னாங்க: "தமிழ்."

வீட்டுக்கு வந்து இன்னிக்கும் ரெண்டு தடவை பெட்டியைத் திறந்து பாத்துட்டேன். இந்தத் தொழில்ல எந்த மலைக்குப் போறதுன்னு முடிவு பண்றது கஸ்டமரும் இல்ல, நானும் இல்ல, அரை டிராயர் போட்ட அந்தத் தபால்காரர்தான்.