மூன்று இழுப்பு

“ஏளா, மருந்துக் கடையில நின்னுக்கிட்டு நீயே இப்படிப் பேசினா, வாரவன் மாத்திரையா வாங்குவான்? நேரா மந்திரிக்கல்லா போவான்!”

கடை முதலாளி அண்ணாச்சி சொன்னது இது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது இந்தக் கதையோடு என்னிடம் வந்திருந்தால் நான் இன்னும் கடுமையாகவே பேசியிருப்பேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். மருந்தாளுநர் படிப்பு முடித்த சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார் அப்பா. பேய், ஆவி எதையும் நான் நம்பியதில்லை. இப்போதும் நம்பச் சொல்லி யாரையும் கேட்கவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்குப் பதற்ற நோய் உண்டு, இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். பழைய மாத்திரை பகலெல்லாம் தூங்கி வழிய வைத்ததால் டாக்டர் அதை மெல்லக் குறைத்து வேறொன்று எழுதினார். “முதல் ரெண்டு மூணு வாரம் படபடப்பு கூடலாம். முடியலேன்னா உடனே வாங்க” என்றார். இதையே நானும் கடையில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து நெஞ்சு அடித்துக்கொண்டது, மருந்துச் சீட்டைப் பிடித்தால் கை நடுங்கியது, சும்மா நிற்கும்போதே உடம்பு தூக்கிப் போட்டது. அப்போதே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். மருந்து படித்தவளுக்கே மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று போய் நிற்கப் பிடிக்கவில்லை. அது என் வீம்பு.

அப்பா சங்கு குளிக்கிறவர். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து காற்று வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவார், இடுப்பில் ஒரு கயிறு. மேலே அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நம்புவார்கள், கூடப் பிறந்தவளின் தாலிக்காகவாவது கைவிட மாட்டான் என்று. கீழேயிருந்து மூன்று இழுப்பு வந்தால் ஆளை மேலே தூக்க வேண்டும். இது எங்கள் வீட்டில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும்.

புது மாத்திரை தொடங்கி ஒன்பதாம் நாள், காலை பத்து மணி தாண்டியிருக்கும். ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். என் இடுப்பில் யாரோ இழுத்தார்கள். மூன்று முறை. குனிந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. மாத்திரை செய்கிற வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூச்சை எண்ண ஆரம்பித்தேன். மறுபடியும் மூன்று. அதற்குப் பிறகு என் கைகள் என்னைக் கேட்கவில்லை. அலமாரிக்கு முன்னால் நின்று, இல்லாத கயிற்றை ஒரு கை மாற்றி ஒரு கையாக இழுத்து, காலடியில் வளையம் வளையமாகப் போட்டுக்கொண்டிருந்தேனாம். அண்ணாச்சிதான் பார்த்தார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கையில் பாரம் இருந்தது. ஒரு ஆளின் பாரம். அது சட்டென்று போனதும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி சோடா வாங்கிக் கொடுத்து ஆட்டோவில் அனுப்பிவைத்தார். வீட்டில் யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

பிற்பகலில் அப்பா வந்து படுத்துக்கொண்டார். பின்னாலேயே மாமா வந்தார், கையில் அந்தக் கயிறு. முற்றத்தில் அதை மொத்தமாக அவிழ்த்துப் போட்டார்.

“இதச் சுத்துளா.”

“எதுக்கு மாமா?”

“சுத்துன்னா சுத்தேன்.”

சுற்றினேன். எங்கள் வீட்டில் நொட்டாங்கைக்காரி நான் ஒருத்திதான். இடது கையாலேயே எழுதிப் பரீட்சை எல்லாம் தேறினேன், கயிறும் இடது கையால்தான் சுற்றுவேன், அதனால் வளையம் எதிர்ப் பக்கமாகப் படியும். சின்ன வயதில் நான் சுற்றிய கயிற்றை மாமா திட்டிக்கொண்டே அவிழ்த்து மறுபடி சுற்றுவார். அன்றைக்குத் திட்டவில்லை. சுற்றி முடித்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்படித்தாம்ளா கெடந்துச்சு வள்ளத்துல. இதே பக்கம், இதே அளவு.”

அப்புறம்தான் சொன்னார். அன்று வள்ளத்தில் இரண்டே பேர். பத்து மணிக்கு மேல் கம்ப்ரசர் பெல்ட் அறுந்துபோனது. மாமா பதறிப்போய்க் கயிற்றைக் கட்டையில் கட்டிவிட்டு பெல்ட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் இருமல் சத்தம் கேட்டுத் திரும்பினால், அப்பா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். “நல்ல வேளை இழுத்த மச்சான்” என்றாராம். கட்டியதற்குப் பிறகு மாமா கயிற்றைத் தொடவே இல்லை.

கடையில் நடந்ததை அப்போது சொன்னேன். மாமா சிலுவை போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த பயம் வேறு மாதிரி. இந்தப் படபடப்பு இருந்ததால்தானே அந்த இழுப்பு எனக்கு எட்டியது? மருந்து சரியாகி நான் அமைதியாகிவிட்டால், அடுத்த முறை அப்பா இழுக்கும்போது யார் தூக்குவது? நான்கு நாள் சோறு சாப்பிடாமல், தூங்காமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அப்பாதான் கேட்டார்.

“எனக்காவண்டி நீ காவல் இருக்கியாளா?”

நெஞ்சிலிருந்து கையை எடுத்தேன்.

“அறுந்த பெல்ட்ட மாத்தியாச்சு. இனி வள்ளத்துல மூணு பேரு. நீ போயி டாக்டரப் பாரு. நீ இப்படிக் கெடந்தா நான் எப்படிளா நிம்மதியா இறங்குவேன்?”

போனேன். கயிறு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து மாற்றும்போது உடம்பு துள்ளுவதும் கை நிலை இல்லாமல் போவதும் உண்டு என்றார் டாக்டர். “கயிறு பத்தி எனக்குச் சொல்லத் தெரியலம்மா.” அவர் சிரிக்காதது எனக்குப் போதும். அளவைக் குறைத்து எழுதித் தந்தார்.

இன்றுவரை என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அந்தக் கயிற்றை மாமா எத்தனை முறை தன் பக்கமாகச் சுற்றி வைத்தாலும், கையை விட்டதும் அது புரண்டு என் பக்கமாகவே படிகிறது. நானே பார்த்தேன்.

இன்றைக்கும் அப்பா கடலில் இருக்கிறார். பத்து மணிவாக்கில் தண்ணீரில் இறங்குவார். எட்டு மணிக்கே நான் மாத்திரையை விழுங்கிவிட்டேன்.