பச்சை விளிம்பு அந்தூரியம்

பூச்செடி வளர்க்கும் பெண்களை நம்பலாம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். குண்டசாலையில் எங்கள் வீதிப் பழக்கம் அப்படி. அருமையான செடி ஒன்று கைக்கு வந்தால் அதில் ஒரு குட்டியைப் பிரித்து நம்பிக்கையான ஒருத்திக்குக் கொடுத்துவிடுவோம். நம் வீட்டில் பட்டுப்போனாலும் அவள் வீட்டில் பிழைத்திருக்கும், திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பச்சை விளிம்பு அந்தூரியத்தின் குட்டியை நான் பக்கத்து வீட்டு டீச்சருக்குக் கொடுத்தேன். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். தாய்ச்செடியை என் கணவர் தெல்தெனியாவில் ஒரு வீட்டில் கெஞ்சிக் கேட்டு வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். வெள்ளைப் பூ, ஓரம் மட்டும் இளம்பச்சை. அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். அவர் விட்டுப்போனவற்றில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

போன மழைக்கு அதுவும் வேரோடு அழுகியது. உடனே மதிலோரம் போய் டீச்சரிடம் குட்டி கேட்டேன்.

"ஐயோ டீச்சர், என்னோடதும் போயிருச்சு. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்" என்று கண் கலங்கினாள். அவளைத் தேற்றிவிட்டு வந்தவள் நான்தான், மடச்சி.

பிறகு ஒரு சனிக்கிழமை, எங்கள் கோயில் பாடகர் குழுவோடு கண்டிக்கு வெளியே ஒரு பழைய ஓவியரின் வளவைப் பார்க்கப் போனேன். அவர் இறந்து எவ்வளவோ காலம். வீட்டையும் மலைச்சரிவுத் தோட்டத்தையும் இப்போது ஆட்கள் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். டீச்சரையும் கூப்பிட்டேன். முழங்கால் வலி என்றாள்.

ஓவியர் உட்கார்ந்து வரைந்த கதிரைக்கு மேலே ஒரு படம் மாட்டியிருந்தது. மண்சாடியில் வெள்ளை அந்தூரியம், ஓரம் இளம்பச்சை. நான் அங்கேயே நின்றுவிட்டேன். சுற்றிக் காட்ட வந்த பெண் அதைக் கவனித்தாள்.

"இந்தப் பூ முந்தி இங்க தோட்டத்துலயே இருந்துச்சாம் அன்ட்டி. பிறகு அழிஞ்சு போச்சு. படத்த வச்சுக்கிட்டு எங்கெங்கயோ தேடினோம். கடைசியா போன மாசம் ஒருத்தங்க கொண்டுவந்து தந்தாங்க. வாங்க, கீழ இருக்கு."

பெரணிகளும் காட்டு வாழைகளும் அடர்ந்த படிகளில் இறங்கினோம். கீழே நிழலில் என் செடி செழிப்பாக நின்றது. மூன்று பூ. பக்கத்தில் மும்மொழியிலும் ஒரு பலகை: காலமான கணவரின் நினைவாக அன்பளிப்பு என்று, கீழே பக்கத்து வீட்டு டீச்சரின் முழுப்பெயர். அந்த மனிதர் பூச்சட்டிப் பக்கம் போனதே சிகரெட் கட்டையை அணைக்கத்தான். என் மனுஷன் மடியில் சுமந்து வந்த செடி இப்போது அந்த ஆளின் பெயரில் நிற்கிறது.

"ஒரு குட்டி கிடைக்குமா மகள்?"

"இங்க உள்ளது எதையும் வெளிய குடுக்க மாட்டாங்க அன்ட்டி. தந்தவங்க வீட்டுலயும் இனி இல்லையாம். இருந்ததே இது ஒண்ணுதானாம்."

மற்றவர்கள் படமெடுக்கப் போனதும், செடி முன்னாலேயே நின்று டீச்சருக்குப் போன் எடுத்தேன். உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்றுதான். அவள் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன், நிச்சயமாக.

"டீச்சர், அந்த அந்தூரியத்துல ஒரு குருத்தாவது மிஞ்சியிருக்கா? சட்டியக் கொஞ்சம் கிளறிப் பாருங்களேன்."

"எத்தன தடவ பார்த்துட்டேன். இருந்தா ஒங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப்போறேன், டீச்சர்?"

குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. சரி என்று வைத்துவிட்டேன். என் கணவர் செத்தது நோயில், அதற்கு யாரையும் கோபிக்க முடியவில்லை. இதற்குக் கோபிக்க ஆள் இருக்கிறாள், மதிலுக்கு அந்தப் பக்கம்.