சோத்தாங்கைப் பக்கம்

இன்று மத்தியானம் பபேடான் கடைத்தெருவில் ஒரு பிரியாணிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு சின்னப் பெண் இடது கையால் சோற்றை அள்ளினாள். அவளுடைய அப்பா அந்தக் கையைத் தட்டிவிட்டு, "சோத்தாங்கையால சாப்பிடு புள்ள" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் தட்டைத் தள்ளிவைத்தேன். பாதிப் பிரியாணியை வைத்துவிட்டு நான் எழுந்தேன் என்றால், என் உடம்பைப் பார்த்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த உடம்பால்தான் எனக்குக் கோல்கீப்பர் பதவியே கிடைத்தது. எங்கள் பேட்டையான தாமுவேயில் தெருப் பையன்கள் சேர்ந்து ஒரு கால்பந்து கிளப் வைத்திருந்தோம். காப்டன் முருகேசு. சின்ன வயதிலிருந்தே என் கூட்டாளி. "நீ ஓடவே வேணாம் மச்சான். நடுவுல நில்லு, பாதி கோலு தானா அடைஞ்சிரும்" என்றான். பகலில் ஆணிக்கடை, சாயங்காலம் கோல் என்று என் பிழைப்பு போனது. நாங்கள் ஆடியது நகரத்திலேயே ஆகக் கடைசி வகுப்பு. ஜூனியர் என்றாலும் வயசுக் கணக்கு கிடையாது, சாம்பியன்ஷிப் என்று பெயர் மட்டும் பெரிசு. மழை பெய்தால் மைதானத்தில் பாதி குளமாகிவிடும். ஆட்டத்துக்கு முன் எல்லாரும் காலில் வலித் தைலம் தேய்ப்போம். இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது அந்தத் தைலம் பூசிக்கொண்டு ஏறினால், சும்மா இருக்கிற என் முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிடும்.

எங்களிடம் ஒரு தந்திரம் இருந்தது. மைதானத்தில் தமிழில்தான் கத்துவோம். எதிராளிக்குப் புரியாது. சிக்கல் என்னவென்றால், எங்கள் ஆட்களிலும் பாதிப் பேருக்குப் புரியாது. அவர்களுக்கு வீட்டிலும் தெருவிலும் பர்மியம்தான். திட்டினால் மட்டும் தமிழ் விளங்கும். இடது, வலது என்று முருகேசு சொல்லிப் பார்த்தான், விழித்தார்கள். கடைசியில் அவன் அப்பா பேசுகிற பழைய சொல்லை எடுத்தான். சோறு தின்கிற கை சோத்தாங்கை, கழுவுகிற கை பீச்சாங்கை. பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்ததால் மறக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்தோம்.

இது நடந்து இரண்டு மழைக்காலம்தான் ஆகிறது. ஏதோ பாட்டன் காலம் போல இருக்கிறது. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு அப்போது தெருத்தெருவாகப் பரவியிருந்தது. கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். எங்களுக்கோ பட்டணத்தை விட்டு ஓடுகிற காலம். தாய்லாந்து, மலேசியா என்று ஒவ்வொருவனும் பையைக் கட்டி வைத்திருந்தான். முருகேசு எல்லாரிடமும் ஒரு வாக்கு வாங்கினான். கப் அடித்தால் மேல் வகுப்புக்குப் போவோம், அதில் அடுத்த மழைக்கு ஆடவேண்டும், அதுவரை யாரும் கிளம்பக் கூடாது. "யாதே, யாதே" என்று எல்லாரும் தலையாட்டினார்கள். பர்மியத்தில் சரி என்று அர்த்தம். ஒரு தகரக் கோப்பை பதினோரு பேரை ஊரில் கட்டிவைக்கும் என்று நம்பினோம். பைத்தியக்காரத்தனந்தான். வேறு எதை நம்புவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஃபைனலில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியின் என்ற ஊர் அணி. எங்கள் பின்வரிசை ஆளுக்கு முழங்கால் வீங்கிவிட்டதால், அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த செல்வத்தை இறக்கினோம். அவன் அம்மா பர்மியர். வீட்டில் அவனைச் சோமின் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்டம் சமமாக நின்றது. முடிகிற நேரத்தில் தன்லியின்காரன் ஒருவன் பந்தோடு எங்கள் வலது பக்கமாகப் பாய்ந்து வந்தான். "செல்வம், சோத்தாங்கை! சோத்தாங்கை!" என்று முருகேசு தொண்டை கிழியக் கத்தினான்.

செல்வம் உயிரைக் கொடுத்து ஓடினான். இடது பக்கமாக.

நான் பாதி அடைத்த கோலில் மீதிப் பாதி வழியாகப் பந்து உள்ளே போயிற்று.

எல்லாரும் அவனைச் சூழ்ந்துகொண்டோம். அவன் அழுதுகொண்டே இடது கையைத் தூக்கிக் காட்டினான். "இதுலதானேண்ணே நான் சாப்பிடுறேன்? நீங்க சொன்ன பக்கந்தானே ஓடுனேன்?" அவனோடு நாங்கள் எத்தனையோ முறை கடையில் மொஹிங்கா மீன்சாறு குடித்திருக்கிறோம். கரண்டி எந்தக் கையில் இருந்தது என்று ஒருத்தனும் பார்த்ததில்லை. அவன் அம்மாவும் அந்தக் கையைத் தட்டியதில்லை. முருகேசு திட்டவில்லை. சேற்றில் உட்கார்ந்து சிரித்தான், பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன்.

அந்த வாரமே பைகள் கிளம்பிவிட்டன. ஒருத்தன் போனால் இன்னொருத்தன் சொல்லாமலே போனான். செல்வமும் எல்லை தாண்டினான். பிறகு ஒரு நாள் முருகேசு டீக்கடைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. பட்டாளத்துக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்களா, தானாகப் போனானா, யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் பயம். எனக்குப் பட்டாள வயது தாண்டிவிட்டதால் நான் மட்டும் ஆணி விற்றுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் செல்வம் போன் பண்ணினான், தாய்லாந்தில் ஏதோ ஒரு ஃபாக்டரி ஊரிலிருந்து.

"அண்ணே, மிஷினு பீச்சாங்கைய எடுத்துக்கிச்சு."

போனை மறு காதுக்கு மாற்றினேன். அவனே பேசினான்.

"இப்ப சோத்தாங்கையிலதான் சாப்பிடுறேன். பழகிட்டேன். முருகேசண்ணன்கிட்ட சொல்லிருங்க. இனிமே கத்துனா சரியான பக்கம் ஓடுவேன்னு."

"சொல்றேன் தம்பி" என்றேன். பொய்.

இன்று பிரியாணிக் கடையிலிருந்து நேரே பஸ் பிடித்து மைதானத்துக்குப் போனேன். கோல் கம்பங்களைக் காணோம், விறகுக்குப் பிடுங்கியிருப்பார்கள். முழங்கால் உயரம் புல். என் பழைய இடம் எது என்று குத்துமதிப்பாகப் பார்த்து நின்றுகொண்டு, "சோத்தாங்கை!" என்று ஒரு முறை கத்தினேன். சைக்கிளில் போன ஒரு ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சொல்லுக்கு ஓட இப்போது தாமுவேயில் ஆள் இல்லை.

முருகேசு உயரமாக இருப்பான், பேசும்போது லுங்கியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவான். எங்கேயாவது பார்த்தால் நீங்களாவது சொல்லிவிடுங்கள். செல்வத்துக்கு இப்போது பக்கம் தெரியும்.