கதவோரப் பலகை

ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் நாங்கள் குடியிருப்பது பலகை வீடு. சமையலறைக்கு மட்டும் சிமெண்டுத் தரை. முன்கூடத்தையும் இரண்டு அறைகளையும் முழங்கால் உயரத் தூண்களின்மேல் பலகை அடித்துக் கட்டியிருந்தார்கள். யார் எங்கே கால் வைத்தாலும் வீடு முழுக்க ஒரு முனகல் போகும். ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, கணக்கெழுதும் கிராணி வேலை போய், குடும்பத்தோடு நான் இங்கே வந்தது எழுபதுகளில். வந்த புதிதில் அந்தச் சத்தத்தால் தூக்கம் கெட்டது. பிறகு அது காதில் விழுவதே நின்றுபோனது. அப்படிப் பழகிப்போனதுதான் பின்னால் எங்களை அவ்வளவு அலைக்கழித்தது.

மகள் பள்ளியின் இறுதித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வு எழுத வேண்டிய ஆண்டில், லகாட் சாலையில் ஒரு மணல் லாரி அவள் சைக்கிளை உரசிச் சாய்த்துவிட்டுப் போனது. இடுப்பும் இடது தொடையும் முறிந்தன. நான் வேலை பார்த்த இரும்புச் சாமான் கடைக்குத் தொலைபேசி வந்தது. அன்று நான் எந்த வழியாக மருத்துவமனைக்குப் போனேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. இப்போதும் தொலைபேசி அடித்தால் யாராவது எடுக்கட்டும் என்று ஒரு கணம் காத்திருப்பேன்.

எலும்பு கூடியது. ஆனால் வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். தோழிகள் தேர்வு எழுதினார்கள், முடிவுகள் வந்தன, அவர்கள் வந்து பார்ப்பதும் குறைந்தது. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். வேறு எதற்கும் வாய் திறக்க மாட்டாள். நான் அடிக்கடி போய் அவள் அறைக் கதவோரம் நின்று, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பல மாதங்களுக்குப் பிறகு அவளாகவே கேட்ட முதல் பொருள் கம்ப்யூட்டர். டவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடப்பதாக யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவளால் மாடி ஏற முடியாது. நான் போய் அங்கிருந்த ஆசிரியையிடம் பேசினேன். பாடக் குறிப்புகளைக் கொடுத்து, வீட்டிலேயே படிக்கட்டும் என்றார். பருவ முடிவில் தானே எழுதிய புரோகிராம் ஒன்றை டிஸ்க்கில் கொண்டுவந்து, எல்லார் முன்னிலையிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். சரியாக ஓடினால் அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொண்டு, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் தருவதாகச் சொன்னார். “ஆனால் அன்றைக்கு அவள் ஏறி வர வேண்டும்” என்றும் சொன்னார்.

ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து அவள் கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவில் மேசை போட்டு வைத்தோம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இரண்டு எட்டு. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். மாணவர்களின் மதிப்பெண்களைக் கொடுத்தால் கூட்டி, வரிசைப்படுத்திக் காட்டும் புரோகிராம் ஒன்றை அவள் எழுத ஆரம்பித்தாள். எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் சுவரைப் பார்ப்பது நின்றிருந்தது.

பிறகு ஒருநாள் மாலை எழுத்துகள் அப்படியே நின்றுவிட்டன. எந்த விசையைத் தட்டினாலும் அசைவில்லை. நான் தேநீர்க் கோப்பையோடு போய் நிற்கிறேன், அவள் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் வேலை செய்தது. டிஸ்க்கில் பதியாதது மட்டும் போய்விட்டிருந்தது. மறுநாளும் அப்படியே. சில நாள் ஒன்றும் இருக்காது. சில நாள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே நின்றுபோகும்.

“கண்ணு பட்டிருக்குங்க” என்றாள் என் மனைவி. “இந்த வரிசையில யாரு வீட்டுல இருக்கு இந்தச் சாமான்? வந்தவ போனவ எல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போறாளுங்க.”

“மெஷினுக்குக்கூடவா கண்ணு படும்?”

“காடிக்குச் சக்கரத்துல எலுமிச்சம்பழம் வைக்கிறாங்கல்ல? அதுக்குப் படும், இதுக்குப் படாதாக்கும்.”

உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து வந்து கம்ப்யூட்டரை மூன்று முறை சுற்றினாள். மகள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, “டிஸ்க்குல மிளகா விதை விழாம சுத்தும்மா” என்றாள். விபத்துக்குப் பிறகு அவள் கேலி பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. மனைவி சமையலறைக்குப் போய் மிளகாயை அடுப்பில் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையால் என்று சொன்னாள்.

சுற்றிப் போட்ட பிறகு அன்று முழுக்க யாரும் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அவள் உத்தரவு. நாங்கள் வைக்கவில்லை. கம்ப்யூட்டரும் ஒரு முறைகூட நிற்கவில்லை. “பாத்தீங்களா” என்று என்னிடம் கேட்டாள். மறுநாள் நான் தேநீர் கொண்டுபோனபோது பழையபடி நின்றது.

அடுத்து மின்சாரத்தின்மேல் சந்தேகம். பக்கத்து வீட்டு அக்கா துணி தேய்க்கும் நேரத்தில்தான் நிற்கிறதோ என்று அவரிடம் போய்க் கேட்டேன். “நான் அயன் பொட்டியத் தொட்டே நாளாச்சுண்ணே. புள்ளைங்க எல்லாம் கசங்குன சட்டையோடதான் போகுதுங்க” என்றார். வீட்டில் ஐஸ்பெட்டியை நிறுத்திப் பார்த்தோம், காற்றாடியை நிறுத்திப் பார்த்தோம். வேர்த்ததுதான் மிச்சம்.

கடைசியில் வாடகைக் காடி பிடித்து, போர்வையில் சுற்றிய கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, வாங்கிய கடைக்கே போனேன். கடைக்காரர் சீனர். புந்தோங்கிலேயே பிறந்து வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். சில நாள் வைத்திருந்து பார்த்தார்.

“அண்ணே, இதுல ரோசாக், கோளாறு ஒன்னும் இல்ல லா. காலையில போட்டா கடை மூடுற வரைக்கும் ஓடுது. உங்க வீட்டுக்கு வந்தா மட்டும் அதுக்கு என்னா கோவம்?”

“அதைத்தான் நானும் கேட்டு வந்தேன்.”

“சிமெண்டுத் தரை, காத்தாடி, ஆளு கூட்டம், எல்லாம் இங்க இருக்கு. நல்லாத்தான் இருக்கு. கொண்டு போங்க. திரும்ப நின்னா என்னையும் கூட்டிட்டுப் போங்க, நான் வந்து சாமி கும்பிடுறேன்.”

கொண்டுவந்து வைத்தேன். மறுநாளே நின்றது. மகள் பொத்தானை அணைத்தாள், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தாள், கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். கம்ப்யூட்டர் இல்லாமல் பிழைத்துக்கொள்ளலாம். வேறு வேலை தேடலாம். ஆனால் திரும்பவும் அந்தச் சுவருக்குப் போய்விட்டால் அவளை எப்படி அழைத்து வருவேன்? பழையபடி நான் கதவோரம் போய் நிற்க ஆரம்பித்தேன். முன்னைவிட அடிக்கடி.

இரண்டு நாள் கழித்து அவளே எழுந்து உட்கார்ந்தாள். பாதி முடித்ததை விடக் கூடாது என்று தோன்றியதாகப் பின்னால் சொன்னாள். ஒவ்வொரு வரிக்கும் டிஸ்க்கில் பதிந்துகொண்டே வேலை செய்தாள். மூன்றாம் நாளோ என்னவோ, நான் எட்டிப் பார்க்கப் போனேன். அவள் திரும்பாமலே, “அப்பா, அங்கேயே நில்லுங்க” என்றாள்.

நின்றேன்.

“நின்னுபோச்சு. இப்பத்தான். நீங்க கால் வச்சதும்.” நாற்காலியோடு திரும்பி என் காலைப் பார்த்தாள். “கூடத்துக்குப் போங்க. நான் திரும்பப் போட்டுட்டுக் கூப்பிடுறேன். அப்ப வாங்க.”

போனேன். கூப்பிட்டாள். மெதுவாக, பயந்து பயந்து கால் வைத்து வந்தேன். திரை ஓடிக்கொண்டிருந்தது.

“இப்படி இல்லப்பா. எப்பவும் வர்ற மாதிரி வாங்க.”

“எப்பவும் எப்படி வாரேன்?”

“கோழி திருட வர்றவன் மாதிரி. கதவோரத்துல மொத்தக் கனத்தையும் ஒத்தக் கால்ல போட்டுட்டு, தலையை மட்டும் உள்ள நீட்டுவீங்க.”

அப்படியே செய்தேன். எழுத்துகள் நின்றன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள் சொல்லச் சொல்ல அறையின் ஒவ்வொரு பலகையிலும் ஏறி நின்று மிதித்தேன். சன்னலோரம் ஒன்றுமில்லை. கட்டிலோரம் ஒன்றுமில்லை. கதவோரப் பலகையில் மட்டும் மூன்றுக்கு இரண்டு தடவை நின்றது.

“என்னா அங்க, அப்பனும் மகளும் கும்மி அடிக்கிறீங்களா?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

“நீயும் வாம்மா, ஆள் பத்தல” என்றாள் மகள். அம்மாவையும் மிதிக்கச் சொன்னாள், அப்போதும் நின்றது. மனைவி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “அதுக்குத்தான் யாரும் உள்ள போகக் கூடாதுன்னு சொன்னேன்” என்றாள். அதை மறுக்க முடியவில்லை.

கைவிளக்கோடு வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தேன். அந்தப் பலகை கதவிலிருந்து மேசைக்கால் வரை ஒரே நீளம். கதவுப் பக்கத்தில் அதைத் தாங்கிய கட்டையைக் கரையான் தின்றிருந்தது. மேசைப் பக்கத்தில் ஆணி கழன்றிருந்தது. கதவோரம் நின்றால் அந்த முனை தாழும், மறுமுனை மேசைக்காலை இம்மியளவு தூக்கிப் போடும். கடையின் சிமெண்டுத் தரையில் கம்ப்யூட்டர் நிற்காததற்குக் காரணம் அதுதான்.

வெளியே வந்து உடம்பெல்லாம் மண்ணோடு, “ஆணி அடிச்சிட்டா சரியாப் போயிடும்” என்றேன்.

“ஆணி அடிச்சா பலகை சரியாகும்” என்றாள். “மெஷின் சரியாகாது. இவ்வளவு சின்ன ஆட்டத்துக்கு நிக்குதுன்னா உள்ள ஏதோ சரியா உக்காரல. தெருவுல ஒரு பஸ்ஸு போனா அந்த ஆட்டத்துக்கே திரும்பவும் நிக்கும். திறந்து பாக்கணும்.”

திறப்பதா? வீட்டின் முதன்மை சுவிட்சையே அணைத்துவிட்டு வந்தேன். அவள் மூடியைக் கழற்றினாள். உள்ளே செங்குத்தாகச் செருகிய பச்சைத் தகடுகளில் ஒன்று ஓரத்தில் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஓடுகிற மெஷினை ஏன் பிரிப்பானேன் என்று விட்டிருக்க வேண்டும். அவள் அதை வெளியே எடுத்து விளிம்பைக் காட்டினாள். பித்தளை நிறக் கோடுகள் மங்கிக் கறுத்திருந்தன. ஈப்போ மழைக்குச் சட்டைப் பொத்தானே துருப்பிடிக்கும், இது எம்மாத்திரம். பாடக் குறிப்பில் சொல்லியிருந்தபடி பள்ளிக்கூட ரப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்தாள். கோடுகள் பளிச்சென்று வந்தன. அந்தக் காலத்தில் வருடக்கணக்காகப் பால்மரக் காட்டில் ரப்பர்த் தாள்களை எண்ணி ஏற்றியவன் நான். அதை இப்படி ஒரு வேலைக்குப் பார்த்ததில்லை.

நான் கைவிளக்கைப் பிடித்திருந்தேன். வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது. அவள் தகட்டை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். உள்ளே ஒரு சின்ன ‘டக்’ கேட்டது.

மின்சாரம் வந்து, பச்சை எழுத்துகள் வந்து, அவளுடைய புரோகிராம் ஓட ஆரம்பித்தது.

“மிதிங்க.”

மிதித்தேன். ஓடியது.

“குதிங்கப்பா.”

நாற்பத்தேழு வயதில் கதவோரப் பலகையில் குதித்தேன். மேசை ஆடியது, சன்னல் கண்ணாடி கலகலத்தது, மனைவி வீடு விழுந்துவிடும் என்று கத்தினாள். திரையில் மதிப்பெண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டே இருந்தன. மகள் சிரித்தாள். எத்தனையோ மாதமாக நான் கேட்காத சிரிப்பு. நான் இன்னொரு முறை குதித்தேன்.

அன்று மாலை ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தேன். அவள் திரும்பிப் பார்த்து, “மேசைப் பக்கம் மட்டும் அடிங்க” என்றாள். “கதவுப் பக்கம் கட்டை மாத்துனாலும் அந்தச் சத்தம் இருக்கட்டும்.”

“ஏன்?”

“நீங்க வந்து நிக்கிறது எனக்குத் தெரியணும்ல.” பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எப்பவுமே தெரியும்பா. சுவரைப் பாத்துப் படுத்திருந்தப்பவும். உயிரோடதான் இருக்கேன். நான் தட்டுற சத்தம் கூடத்துக்குக் கேட்கும். கேட்டா இருக்கேன்னு அர்த்தம். அங்கேயே உக்காருங்க.”

சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு மேசைப் பக்கம் மட்டும் ஆணி அடித்தேன். கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்தது. நடுநடுவே நிற்கும். நிற்கும்போது எழப் பார்ப்பேன். மறுபடி வரும்.

வகுப்பில் ஓட்டிக் காட்டும் நாளில் அவளோடு டவுனுக்குப் போனேன். மாடிக்குச் செங்குத்தான மரப்படிகள். நான் முதல் படியில் கால் வைத்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். காலை எடுத்துக்கொண்டேன். டிஸ்க்கைச் சட்டைப் பைக்குள் வைத்து, ஒரு கையில் கைப்பிடியும் மறுகையில் ஊன்றுகோலுமாக அவள் ஏறினாள். நடுவில் ஒருமுறை நின்றாள். நான் கீழே நின்று பற்களைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு மேலே பலகைத் தரையில் அவள் நடப்பது என் தலைக்கு மேல் கேட்டது. ஒரு நாற்காலி இழுபட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் படியின் உச்சியில் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“ஓடுச்சுப்பா. ஒரு தடவைகூட நிக்கல. நாளையில இருந்து வரச் சொல்றாங்க.” பிறகு, “இன்னைக்கும் கொஞ்சம் இருந்து பாத்துட்டு வாரேன். நீங்க போங்க. நான் பஸ்ல வந்துடுவேன்.”

பஸ், சாலை, லாரிகள். எல்லாம் ஒரு நொடியில் என் முன்னால் வந்து நின்றன. “சரி” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இருந்த தெம்பெல்லாம் தேவைப்பட்டது.

இப்போது அவள் தினமும் போய் வருகிறாள். பயம் எனக்குப் போய்விடவில்லை. பஸ் வரும் நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். சமையலறையில் மனைவி கோப்பைகளைக் கழுவுகிறாள். வெளியே பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டுவிட்டது. இனி அவள் காலடி: வாசல், கூடம், பிறகு அந்தக் கதவோரப் பலகை.